கதியால்

என் நண்பனின் மகன் அல்பேர்ட்டாவிலிருந்து வந்தபோது அவனுடைய பெட்டிக்குள் ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. இருபது சென்ரிமீற்றர் அகலம், ஐம்பது சென்ரிமீற்றர் நீளம். படம் மாட்டுகிற சட்டம் போலத்தான், கண்ணாடியும் படமும் மட்டும் இல்லை. கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து இது என்னவென்று கேட்டாராம். புல் எண்ணுகிற சாமான் என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

இது 2018 ஓகஸ்டில். “அங்கிள், எங்கட காணி எங்கை இருக்கெண்டு உங்களுக்குத்தான் தெரியும் எண்டு அப்பா சொன்னவர்” என்று தொலைபேசியில் சொன்னான். அவன் சொன்னது சரிதான். புளியங்கூடலில் அந்த வீட்டாரில் ஒருவரும் மிச்சமில்லை. சொந்தக்காரர் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். என் நண்பனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆகவே அந்தக் காணியின் அடையாளம் தெரிந்த ஆள், யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்து புத்தளத்தில் கிழவனாகிக்கொண்டிருக்கிற நான் ஒருவன்தான்.

வாப்பா துணி மூட்டை கட்டிய சைக்கிளில் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் போவார். மண்கும்பான், வேலணை, சரவணை, புளியங்கூடல் என்று ஒரு சுற்று. துணியைக் கொடுத்துவிட்டுத் தவணைக் காசுக்கு மறு மாதம் போவார். பள்ளிக்கூட விடுமுறையில் கரியரில் நானும் இருப்பேன். மத்தியானம் அந்த வீட்டில்தான் இறங்குவோம். கிணற்றில் வுளு செய்துகொண்டு பூவரசின் கீழ் ளுஹர் தொழுவார். அதற்கென்றே ஒரு பாயைச் சுருட்டி இறப்பில் செருகி வைத்திருப்பா நண்பனின் அம்மா. அந்தப் பாயில் வேறு யாரையும் இருக்க விட மாட்டா. வாப்பா தொழுது முடிப்பதற்குள் நானும் நண்பனும் வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்குப் போய் வந்துவிடுவோம். பொட்டு இருந்த இடம் எனக்கு இன்றும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். அதற்கு முன்பே, அந்த ஓகஸ்டிலேயே, தீவுகளில் இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. அடுத்த வருடத்தோடு தீவுப்பகுதியில் பெரும்பாலும் ஆளில்லை. அவன் குடும்பம் கிழக்கே யாழ்ப்பாணத்துக்குப் போய் அங்கிருந்து கடல் கடந்தது. நாங்கள் தெற்கே புத்தளத்துக்குப் போனோம். யார் முதலில் வேலியை விட்டது என்ற கணக்கை அவனும் நானும் பேசுவதில்லை.

பையனின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அல்பேர்ட்டாவில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற கிணறுகள் இலட்சக்கணக்கில் உண்டு. ஒரு கிணறு வற்றிவிட்டால் அதை அடைத்து, இயந்திரங்களைக் கழற்றி, ஒதுக்கி வைத்திருந்த மேல்மண்ணைத் திரும்பப் போட்டு, புல்லோ மரமோ முளைக்கச் செய்ய வேண்டும். 1963இலிருந்தே அங்கே இதற்குச் சட்டம் இருக்கிறது. நிலம் மீண்டுவிட்டது என்று அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தால்தான் கம்பனி கையைக் கழுவலாம். பயிர்நிலம், புல்வெளி, காடு, சதுப்புக்கரி நிலம் ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. 2010இல் முதல் மூன்றையும் திருத்தி எழுதினார்கள். கிணறு இருந்த இடத்தில் என்ன முளைத்திருக்கிறது, பக்கத்தில் கை படாத நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று இரண்டையும் அளந்து ஒப்பிடுகிற வேலைதான் இவனுடையது. 

எங்கள் கடலிலும் எண்ணெய் தேடினார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். 1974இல் மன்னார்த் தீவில் பேசாலையில் சோவியத் உதவியோடு துளைத்தார்கள். 1976இல் மரதன் என்ற அமெரிக்கக் கம்பனி பாக்கு நீரிணையில் துளைத்த ஒரு கிணற்றுக்கு ‘டெல்ஃப்ட்-1’ என்று நெடுந்தீவின் ஒல்லாந்தப் பெயரையே வைத்தது. ஒன்றும் தேறவில்லை. தேறியிருந்தால் நீ கனடாவுக்குப் போயிருக்கத் தேவையில்லை என்றேன். அவனுக்கு அந்தப் பகிடி பிடிபடவில்லை. கடலடிக் கிணறென்றால் புல் எண்ணுகிற வேலை இராதே என்றான், மிகவும் கவனமாக.

பஸ்ஸால் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது எனக்கு நெஞ்சு இடித்தது. வீடு இல்லை. வீடு இருந்த இடம் எதுவென்றும் தெரியவில்லை. காரையும் சூரையும் இலந்தையும் பின்னிக் கிடந்தன. நடுவில் வடலிக் கூட்டம். ஓரங்களில் எருக்கலை. வெயிலில் காய்ந்த கோரை கணுக்காலைக் கிழித்தது. பூவரசைத் தேடினேன், காணவில்லை. “அங்கிள், இதுதானா?” என்று இரண்டாம் தரம் கேட்டான். இதுதான் என்று சொன்னேன். குரலில் உறுதி இருக்கவில்லை.

அவன் வந்த காரியம் இரண்டு. ஒன்று, படம் எடுத்துத் தகப்பனுக்குக் காட்டுவது. மற்றது அவனுடைய சொந்த ஆசை: இருபத்தெட்டு வருடம் மனிதக் கை படாத நிலம் தன்பாட்டில் எப்படி மீளும் என்று தன் தொழில்முறைப்படி அளந்து பார்ப்பது. காணி எட்டுப் பரப்பு, அரை ஏக்கர். அவன் கணக்கில் ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர மீற்றர்.

முதல் நாள் சட்டத்தால் அளந்தோம். நெப்ராஸ்காவில் 1898ஆம் ஆண்டளவில் பவுண்ட், கிளெமென்ட்ஸ் என்ற இருவர் இப்படிச் சதுரம் போட்டுச் செடி எண்ணும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தார்கள். இந்தச் சிறிய சட்டம் டோபன்மயர் என்பவர் 1959இல் வகுத்தது. நானும் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தவன். பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு மேலால் சட்டத்தை எறி, அதுதான் எழுமாறு என்று இருபது வருடம் சொல்லிக்கொடுத்தேன். அதை அவனிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. கண்ணை மூடினாலும் கை மூடாதாம். முள்ளுப் பக்கம் எவனும் எறிய மாட்டானாம். யோசித்துப் பார்த்தால் என் பிள்ளைகள் ஒருநாளும் நாயுண்ணிப் பற்றைக்குள் சட்டம் எறிந்ததில்லை. மைதானத்தில் நாயுண்ணியே இல்லை என்று எத்தனை பரீட்சைத் தாளில் சரி போட்டேனோ.

அவன் தொலைபேசியில் எழுமாற்று எண்களை எடுத்து, அதன்படி காலடி வைத்து நாற்பது இடத்தில் சட்டம் வைத்தான். ஒவ்வொன்றிலும் எந்தச் செடி எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று கண்ணால் மதித்து வகுப்பு எழுத வேண்டும். ஐந்து சதவீதம்வரை முதல் வகுப்பு. ஐந்திலிருந்து இருபத்தைந்துவரை இரண்டாம் வகுப்பு. இப்படி ஆறு வகுப்பு. கணக்குப் போடும்போது இரண்டாம் வகுப்பில் விழுந்த எல்லாம் நடுப்பெறுமானமாகிய பதினைந்து என்றே போகும். ஆறு சதவீதம் அறுகு இருந்தாலும் பதினைந்து, இருபத்துநாலு இருந்தாலும் பதினைந்து. இது என்ன நியாயம் என்று கேட்டேன். கண் அதைவிடத் திருத்தமாக அளக்காது என்பதை ஒத்துக்கொள்கிற நியாயம் என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனாலும் ஒரே சட்டத்தைப் பார்த்து நான் ஐந்தில் இரண்டு பங்கு பச்சை என்பேன், அவன் நாலில் ஒன்று என்பான். வகுப்பே மாறிவிடும். எனக்கு ஊர்ப்பாசம், அவனுக்குத் தொழில் எச்சரிக்கை. இந்தச் சச்சரவைத் தீர்க்கத்தான் நியூசிலாந்தில் லெவி, மடன் என்ற இருவர் 1933இல் ஊசிச் சட்டம் செய்தார்களாம். வரிசையாக ஊசிகளை நேரே கீழிறக்கி, நுனி எதில் முட்டுகிறது என்று எழுதுவது. மதிப்பீடு கிடையாது, முட்டியது அல்லது முட்டவில்லை. ஊசிக்கு எங்கே போவது? வேலணைச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடையில் பழைய ஸ்போக் கம்பி பத்து வாங்கி வந்தேன். ஒரு பலகைத் துண்டில் துளை போட்டுச் செருகினோம். கம்பி இறங்கிய பிறகு எங்கள் இருவருக்கும் சண்டை வரவில்லை. வாப்பாவின் சைக்கிள் கம்பிகள் எத்தனை இந்த மண்ணில் உடைந்து விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசியும் சட்டமும் சேர்ந்து சொன்னது இதுதான்: நிலத்தில் பாதிக்கு மேல் வெறுமண்ணும் காய்ந்த சருகும், மிச்சத்தில் கோரை, நெருஞ்சி, அறுகு, ஆங்காங்கே பார்த்தீனியம். பார்த்தீனியம் 1987இல் இந்திய அமைதிப் படையோடு வந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அல்பேர்ட்டாவில் இப்படித் தடைப்பட்டியலில் உள்ள களை தலைகாட்டினால் அத்தாட்சிப் பத்திரம் சிக்கலாகிவிடுமாம். இங்கே அதுவும் பச்சைதான், எண்ணிக்கையில் சேரும். நாங்கள் போனது கொளுத்துகிற கோடையில் என்பதும் ஒரு காரணம். மாரி முடிந்து தையில் போயிருந்தால் இந்தத் தாளில் பெயர்கள் இரண்டு மடங்காயிருக்கும்.

ஒரு பனைகூட அந்த நாற்பது சட்டத்தில் விழவில்லை. கணக்குப் பார்த்தால் அதிசயமில்லை. ஒரு சட்டம் ஒரு சதுர மீற்றரில் பத்திலொன்று. நாற்பது சட்டம் நாலு சதுர மீற்றர். இரண்டாயிரத்தில் நாலு. தீவுக்காரனிடம் போய் உன் காணியில் பனை இல்லை என்று இந்தத் தாளைக் காட்டினால் சட்டத்தாலேயே அடிப்பான்.

மரத்துக்கு வேறு முறை வைத்திருந்தான். விஸ்கொன்சினில் கொட்டம், கேர்ட்டிஸ் என்பவர்கள் 1956இல் எழுதியது. ஓரிடத்தில் நின்று, சுற்றியுள்ள நிலத்தை நாலு கால்களாகப் பிரித்து, ஒவ்வொரு காலிலும் மிகக் கிட்ட நிற்கிற மரத்துக்குத் தூரம் அளப்பது. சராசரித் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கினால் ஒரு மரத்துக்கு உரிய நிலம் கிடைக்கும். சதுரம் போட வேண்டாம், முள் வெட்ட வேண்டாம். கெட்டித்தனமான முறை. ஆனால் மரங்கள் எழுமாறாகச் சிதறி நிற்கின்றன என்ற நம்பிக்கை அதற்கு அடியில் இருக்கிறது. எங்கள் பனைகள் அப்படியா நிற்கின்றன? பழம் தாயின் காலடியில் விழும், அங்கேயே வடலி முளைக்கும். கூட்டம் கூட்டமாக நிற்கிற மரத்தை இந்த முறை குறைத்துத்தான் சொல்லும், ஏனென்றால் நாம் போய் நிற்கிற இடம் பெரும்பாலும் கூட்டங்களுக்கு இடையிலுள்ள வெளியாக இருக்கும். அரை ஏக்கர்தானே என்று நான் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினேன். அவன் கணக்கைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வந்தது. “அப்ப முறை பிழையா?” என்று கேட்டேன். “மரம் நிக்கிற விதம் முறைக்குப் பொருந்தேல்லை அங்கிள்” என்றான்.

இரண்டாம் நாள் கயிறு பிடித்தோம்.

கான்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1941இல் சொன்ன முறை இது. மேய்ச்சல் நிலத்தில் பற்றைகளை அளக்க வகுத்தது. கயிற்றை நேராக இழுத்துக் கட்டி, அதற்கு மேலே எந்தச் செடியின் இலைக்கூட்டம் எத்தனையாவது மீற்றரில் தொடங்கி எத்தனையாவது மீற்றரில் முடிகிறது என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். கயிற்றின் நீளத்தில் எத்தனை பங்கு நிழலோ நிலத்திலும் அத்தனை பங்கு நிழல் என்று கொள்வது. ஐந்து மீற்றர் இடைவெளி விட்டு ஆறு கோடு போட்டோம். அவன் நாடாவோடு முன்னே போக, நான் பின்னால் இருந்து தாளில் எழுதினேன். சூரை, வெளி, வடலி, வடலி, காரை, கிளுவை, வெளி. இரண்டாவது கோட்டிலும் ஏறத்தாழ அதே மீற்றரில் கிளுவை. மூன்றாவதிலும். நாலாவது தாளை எடுத்தபோது கிளுவை எங்கே வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. பென்சிலால் எழுதி வைத்துவிட்டு, “தம்பி, முப்பத்தோராம் மீற்றரிலை என்ன நிக்குது?” என்று கத்தினேன். “கிளுவை” என்று கத்தினான்.

தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். எல்லாத் தாளிலும் கிளுவை ஒரே நிரையில் நின்றது.

யாழ்ப்பாணத்தில் வேலி எப்படிப் போடுவோம் என்பதை அவனுக்கு விளக்கினேன். கிளுவையோ பூவரசோ முள்முருக்கோ கிளை வெட்டி நடுவோம். அதைக் கதியால் என்போம். அது வேர்விட்டு உயிர்வேலியாகும். வருடா வருடம் மேலே தறித்து, இடையில் ஓலை வைத்துக் கட்டுவோம். ஒரு கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் உண்டு. வழக்குப் பேசியே காணியின் விலைக்கு மேல் செலவழித்தவர்கள் உண்டு. தறிக்க ஆளில்லாமல் போனால் கதியால் மரமாகிவிடும். இருபத்தெட்டு வருடம் தறிக்கவில்லை. அவ்வளவுதான்.

பற்றையை விலக்கிக்கொண்டு போனோம். ஒன்றுக்கொன்று சம தூரத்தில் கிளுவைகள், இப்போது என் இடுப்பளவு தடிப்பில். ஒன்றின் மரத்துக்குள் முள்ளுக்கம்பி புகுந்து மறுபக்கத்தால் வெளியே வந்திருந்தது, மரம் அதை விழுங்கிவிட்டு நின்றது. நிரை ஓரிடத்தில் செங்கோணமாகத் திரும்பியது. திரும்பிய மூலையிலிருந்து எனக்கு எல்லாம் பிடிபட்டது. கிணறு இந்தப் பக்கம் என்றேன். கிணறு அங்கே இருந்தது, கட்டு இடிந்து, உள்ளே ஒரு இச்சிமரம் முளைத்து. நிரையில் இரண்டு மரத்துக்கிடையே மட்டும் இடைவெளி கூடுதலாக இருந்தது. பொட்டு. எங்கள் பொட்டு. நான் நினைத்திருந்த இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி.

ஏன் சட்டத்தால் இதைக் காண முடியவில்லை என்று அன்றிரவு பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது சட்டத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தோம். சராசரி எடுத்தபோது எது எங்கே நின்றது என்பது போய்விட்டது. கோட்டில் ஒழுங்கு அப்படியே கிடக்கும்: இதற்குப் பிறகு இது, அதற்குப் பிறகு அது. சட்டத்துக்கும் வேறு விதத்தில் பெறுமதி உண்டு. நெருஞ்சியையும் அறுகையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ண முடியாது. ஒரு நிலத்தைப் பார்த்து எத்தனை என்று கேட்பதும் எது என்று கேட்பதும் எப்படி நிற்கிறது என்று கேட்பதும் மூன்று கேள்வி. எந்தக் கேள்விக்கு அளந்தோமோ அந்தப் பதில்தான் தாளில் இருக்கும்.

அவனுக்கு வேறொரு சங்கடம். அல்பேர்ட்டாவில் ஒப்பிடுவதற்குப் பக்கத்து நிலம் இருக்கிறது. புளியங்கூடலில் பக்கத்து நிலமும் பாழ். இங்கே நிலம் மீண்டது என்றால் எதற்கு மீண்டது? வீட்டுக்கு முந்திய பற்றைக்கா, அல்லது செவ்விளநீரும் முருங்கையும் நின்ற வளவுக்கா? கறாத்தே மாஸ்ரர் போல் எப்போதும் நிமிர்ந்திருக்கிறவன், அப்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் தகப்பன் தொலைபேசி எடுத்தான். “மச்சான், செவ்விளநீர் நிக்குதோ?” என்றான். நீர் ஊற்ற ஆளில்லாத தென்னை எங்கே நிற்கும்? வேலி நிற்குது என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இவ்வளவும் நான் எழுதுவது புளியங்கூடலுக்காக மட்டுமல்ல. என் மனைவியின் ஊர் முசலிப் பக்கம், பாலைக்குளி. 1990இல் மன்னாரிலிருந்தும் எங்கள் ஆட்கள் வெளியேற்றப்பட்டார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி எல்லாம் வெறுமையாயின. 2009இல் போர் முடிந்து, திரும்பிப் போகலாம் என்று ஆட்கள் துப்புரவாக்கத் தொடங்கிய காலத்தில், 2012 ஒக்டோபரில் அந்தப் பக்கத்து நிலங்கள் ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் வந்தன. 2017 மார்ச்சில் அவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 40,000 ஹெக்டயர் மாவில்லு பேணற்காடு ஆயிற்று. மறிச்சுக்கட்டியில் ஆட்கள் நாட்கணக்காக உட்கார்ந்து போராடினார்கள். கிராமத்துக்கு வந்து பாராமல் வரைபடத்தில் கோடு போட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. காட்டை அழித்துக் குடியேறுகிறார்கள் என்பது மறுபக்கம். தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் ‘காடு’ என்ற ஒரே சொல்லைத்தான் பாவித்தது.

காடு என்றால் என்ன? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது: அரை ஹெக்டயருக்கு மேல் நிலம், ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த அல்லது உயரக்கூடிய மரம், பத்து சதவீதத்துக்கு மேல் மூடுபரப்பு, முதன்மையாகப் பயிருக்கோ குடியிருப்புக்கோ பயன்படுகிற நிலம் சேராது. புளியங்கூடல் வளவு தனியே இதற்குள் வராது. பக்கத்துப் பாழ்வளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் தாராளமாக வரும். மேலேயிருந்து எடுக்கிற லான்ட்சாற் செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர். எட்டுப் பரப்புக் காணி இரண்டு புள்ளிக்கு மேல் வராது. கதியால் நிரை அதில் எப்படித் தெரியும்? இருபத்தெட்டு வருடம் ஆளைத் துரத்தி வைத்திருந்துவிட்டு, இப்போது குடியிருப்பு இல்லையே என்று கேட்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. அதை எந்தச் சட்டத்தாலும் ஊசியாலும் அளக்க முடியாது.

பையன் போகும்போது சட்டத்தை எடுத்துக்கொண்டு போனான். கயிற்றையும் நாடாவையும் என்னிடம் விட்டான். அடுத்த மாதமே நான் சிலாவத்துறை வழியாகப் பாலைக்குளிக்குப் போனேன். மனைவியும் வந்தா. அவவின் தம்பி, என் மச்சினன், கூட வந்தார். எல்லைக்கல் தாண்டிப் போவது சரியில்லை என்று தெரிந்துதான் போனோம். ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை.

ரோட்டிலிருந்து உள்நோக்கி நாலு கோடு. முதலில் உடையும் விடத்தலும் இலந்தையும். பிறகு வேம்பு, புளி, மறுபடி வேம்பு. நாலு தாளிலும் ஒரே தூரத்தில் பூவரசு நிரை. “இது எங்கட வாப்பா நட்ட கதியால்” என்று மனைவி மரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றா. அழுவா என்று நினைத்தேன், அழவில்லை. தாளில் எழுதுங்கோ என்றா. எழுதினேன். அதற்கப்பால் இடிந்த கிணறு, பிறகு வரம்பு போல ஒரு மேடு.

மேட்டுக்கு அப்பாலும் கயிறு போனது. அங்கே பாலை, வீரை. தடித்த மரங்கள், நிரை இல்லை, கூட்டமும் இல்லை, புளி இல்லை, வேம்பு இல்லை, ஓட்டுத்துண்டு ஒன்று இல்லை. பாலையும் வீரையும் இருபது முப்பது வருடத்தில் அப்படித் தடிக்கிற மரங்களல்ல. நான் அதையும் எழுதினேன்.

மச்சினன் தாளை வாங்கிப் பார்த்தார். “அந்தப் பக்கமும் எங்கடதான் மச்சான்” என்றார். உறுதி இருக்கிறதா என்று கேட்டேன். உறுதி 1990இல் வீட்டோடு போய்விட்டது, அது உண்மை. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேரின் உறுதி அப்படித்தான் போனது. ஆனால் கயிறு மேட்டுக்கு இந்தப் பக்கம் வேலியையும் அந்தப் பக்கம் காட்டையும் காட்டியது. இரண்டையும் எழுதாவிட்டால் முதலாவதை யார் நம்புவார்கள் என்றேன். “நீங்க யாழ்ப்பாணத்தான், உங்களுக்கென்ன” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்து போனார். இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நோன்புப் பெருநாளைக்குக்கூட வரவில்லை. மனைவி எனக்காகவும் பேசவில்லை, அவருக்காகவும் பேசவில்லை. சோறு போடும்போது மட்டும் கரண்டிச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மறிச்சுக்கட்டிப் பக்கம் கல்லாறு ஒதுக்குக்காட்டில் குடியேற்றத்துக்காக வெட்டப்பட்ட நிலத்தில் மீளவும் மரம் நட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த கிழமைதான் மச்சினன் திரும்பவும் வந்தார். முற்றத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, “அந்தத் தாள் இருக்கா?” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். மேட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளதை மட்டும் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். முழுவதுமாகத்தான் தருவேன் என்றேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கே கொண்டுபோனார், யாரிடம் காட்டினார் என்று நான் கேட்கவில்லை.

அல்பேர்ட்டாப் பையன் இப்போதும் எழுதுகிறான். ஒரு கோடையில் அளந்ததை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது, மாரி முடிந்து அதே கோட்டில் இன்னொரு தரம் அளக்க வேண்டும் என்கிறான். சரிதான். வருகிற தையில் போவோம் என்று மச்சினனுக்குச் சொல்லியிருக்கிறேன். கயிறு எதற்கு, கத்தி ஒன்று போதாதா என்று கேட்கிறார். கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் மறு நுனியைப் பிடிக்கத் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.